ஓலையில் வீட்டுப்பெயர் இல்லாதவர்

நெய்யாற்றங்கரைக் கண்ணன் கோவில் வளாகத்தில் ஒரு பழம்பெரும் பலாமரத்தின் அடிமரம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. ‘அம்மச்சிப் பிலாவு’ என்பது அதன் பெயர். எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தி வந்தபோது, பின்னாளில் திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்டவர்மர் அதன் பொந்துக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது மரபு. அரசரின் பெயர் நமக்குத் தெரியும். துரத்தியவர்களின் வீட்டுப் பெயர்களும் தெரியும். மரத்துக்குக்கூடப் பெயர் உண்டு. பொந்தைக் காட்டிக் கொடுத்துக் காப்பாற்றிய சிறுவனுக்கு மட்டும் பெயர் இல்லை. அவன் பனையேறும் சாணார் குலத்தவன் என்பர் ஒரு சாரார். கோவில் மரபோ கண்ணனே சிறுவன் வடிவில் வந்தான் என்கிறது. எளியவன் ஒருவன் அரசனுக்கு உயிர் கொடுத்தான் என்று சொல்ல மனம் வராத சமுதாயம் அவனைக் கடவுளாக்கிவிட்டது என்றே நான் கருதுகிறேன். கடவுளுக்கு ஊரும் பேரும் கேட்பார் இல்லை அன்றோ?

என் சொந்த ஊர் ஒற்றசேகரமங்கலம். பழைய நெய்யாற்றங்கரைத் தாலுகாவில், நெய்யாற்றை அடுத்த சிற்றூர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றங்கரை கேரளத்திலேயே நின்றது. எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரே வாக்கியத்தின் முற்பாதி தமிழாகவும் பிற்பாதி மலையாளமாகவும் இருப்பது இன்றும் வழக்கம். இந்த ஊருக்கு வரலாறு எழுதவேண்டும் என்று நினைத்தால் எங்கே தொடங்குவது? வரலாற்று மாணவன் என்ற முறையில் இந்தக் கேள்வி என்னை நெடுநாளாக வாட்டி வருகிறது. சங்கத்து நண்பர்கள் பலரும் தத்தம் ஊரைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டிருக்கக்கூடும். ஆதலால் எழுதப்படாத மக்களின் வாழ்வை வரலாற்றாசிரியர்கள் எந்த வழிகளில் தேடிக் கண்டடைகின்றனர் என்பதை, எங்கள் எல்லைப்புறத்துச் சான்றுகளைக் கொண்டே ஈண்டு விளக்க முயல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. என் ஊர்ப் பெயரில் ‘சேகர’ என்பதும் ‘மங்கலம்’ என்பதும் இருக்கின்றன. சில கல் தொலைவில், முஞ்சிறைக்கு அருகே, ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866 அளவில் நிறுவிய பார்த்திவசேகரபுரம் இருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, ‘எங்கள் ஊரும் ஆய் மன்னர் காலத்தது’ என்று முழங்க ஆசை வருவது இயற்கை. ஆனால் ஓசை ஒப்புமை சான்றாகாது. கல்வெட்டோ செப்பேடோ காட்டும்வரை அந்த ஆசையை மடியில் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

ஆயினும் அந்தப் பார்த்திவசேகரபுரத்துச் செப்பேடு நமக்கு வேறொரு பாடம் கற்பிக்கிறது. திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரியில் இருந்தமையால் ஹஜூர் ஆபீஸ் செப்பேடு என்று பெயர் பெற்ற அதனைத் து.அ. கோபிநாதராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் பதிப்பித்தார். கோவிலையும், 95 சட்டர் தங்கிப் பயிலும் சாலையையும் அரசன் காந்தளூர்ச் சாலையை ஒட்டி ஏற்படுத்தினான் என்று அது கூறுகிறது. சட்டர் என்போர் வேதம் பயின்ற மாணவர். இம்மாணவர்கள் தம்முள் வைதுகொண்டால் தண்டம், அடித்துக்கொண்டால் தண்டம், கூட்டத்துக்குப் படைக்கலம் கொண்டு வரலாகாது என்றெல்லாம் விதிகள் உள்ளன. (நம் விடுதிக் காப்பாளர் கண்ணில் இது படாதிருக்க வேண்டும்!) அவ்விதிகளுக்கு நடுவே, மடத்துக்குள் வெள்ளாட்டிகளை வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு விதி. வெள்ளாட்டி என்றால் பணிப்பெண், அடிமைப்பெண்.

95 மாணவரின் உணவும் ஒழுக்கமும் நிலங்களின் எல்லையும் விரிவாகப் பொறிக்கப்பட்ட அச்செப்பேட்டில் அந்தப் பெண்கள் தலைகாட்டுவது ஒரே ஓரிடத்தில்தான். அதுவும் ‘உள்ளே வரக்கூடாது’ என்ற தடையில். நடவாத ஒன்றை யாரும் மெனக்கெட்டுச் செம்பில் வெட்டித் தடுப்பதில்லை. எனவே தடை இருக்கும் இடத்தில் அச்செயல் நடந்தது, அல்லது நடக்கும் என்று அஞ்சப்பட்டது என்று கொள்ளலாம். வரலாற்றாசிரியர் கைக்கொள்ளும் முதல் வழி இதுதான். சட்டம் எதை ஆணையிடுகிறது என்பதோடு நில்லாமல், எதைக் கண்டு கலங்குகிறது என்றும் பார்ப்பது.

இதற்கு இன்னும் கூர்மையான சான்று திருவிதாங்கோட்டில் கிடைத்தது. கொல்லம் 871, அதாவது கி.பி. 1696-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. புலைப்பேடி, மண்ணாப்பேடி என்னும் வழக்கங்களை அது தடை செய்கிறது. ஆண்டில் குறித்த சில நாள்களில், இருட்டிய பின் தனியே வரும் மேல்சாதிப் பெண்ணைப் புலையனோ மண்ணானோ தொட்டுவிட்டால், அல்லது கண்டு கூவிவிட்டால், அவள் சாதியிழந்து அவனோடு போகவேண்டும் என்பது அவ்வழக்கம் என்பர். பதினாறாம் நூற்றாண்டில் மலையாளக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் துவார்த்தே பர்போசாவும் இதைக் குறித்திருக்கிறார். இது எவ்வளவு தூரம் நடைமுறையில் இருந்தது, எவ்வளவு தூரம் பெண்களை வீட்டுக்குள் அடைத்துவைக்கச் சொல்லப்பட்ட பூச்சாண்டி என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமித்த கருத்தினர் அல்லர். என்னைக் கேட்டால், அந்த வழக்கு தீராவிட்டாலும் கல்வெட்டின் மதிப்புக் குறையாது. ஓர் அரசு கல்லில் எழுதி ஆணையிடும் அளவுக்கு, தொடுதலைப் பற்றிய அச்சம் அந்நாட்டை ஆட்டிப் படைத்திருக்கிறது. நிகழ்ச்சி நடந்ததா என்பது ஒரு கேள்வி. மனநிலை எப்படி இருந்தது என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்கு இக்கல் ஐயமற்ற விடை.

இனி ஓலைகளுக்கு வருவோம். ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ பாடிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையை நாம் கவிஞராக மட்டுமே அறிவோம். அவர் சிறந்த சாசன ஆராய்ச்சியாளரும் ஆவார். அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் கிடந்த ஓலைகளை அவர் பார்வையிட்டுப் படியெடுத்து, அவை பற்றிக் ‘கேரள சொசைட்டி பேப்பர்ஸ்’ என்னும் ஆராய்ச்சி வெளியீட்டில் எழுதினார். பிற்காலத்தில் முனைவர் அ.கா. பெருமாள் முதலியார் ஓலைகளையும் அவற்றிலுள்ள அடிமை ஆவணங்களையும் நூல்களாகப் பதிப்பித்தார். நிலவரி, பாசனம், படையெடுப்பு முதலியவற்றோடு மனிதரை விற்ற ஓலைகளும் அவற்றுள் இருந்தன.

அடிமை விலை ஓலையை நிலவிலை ஓலையோடு அருகருகே வைத்துப் படித்தால் ஒரு நடுக்கம் பிறக்கும். சொற்கள் பெரும்பாலும் ஒன்றே. நிலத்துக்கு ஜன்மம், ஒற்றி, பாட்டம் என்று உரிமைகள் இருந்தவாறே மனிதருக்கும் இருந்தன. 1800-1801-இல் தென்னாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், மலபாரில் அடிமைகள் ஜன்மமாகவும் காணமாகவும் பாட்டமாகவும் கைமாறியதைத் தம் நூலில் விளக்குகிறார். விற்றவன், வாங்கியவன், சாட்சி, எழுதியவன் ஆகியோருக்கு ஓலையில் ஊரும் வீட்டுப்பெயரும் உண்டு. விற்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பெயரே. ஆனால் நண்பர்களே, அந்த ஒற்றைப் பெயர்தான் நம் செல்வம்! வேறெந்த ஏட்டிலும் இடம்பெறாத ஒருவரின் பெயர் அங்கே நிற்கிறது. அவரோடு விற்கப்பட்ட குழந்தை இருந்தால், குடும்பம் பிரிக்கப்பட்டதா, சேர்த்து விற்கப்பட்டதா என்பது தெரிகிறது. ஒரே பெயர் வேறோர் ஆண்டின் ஓலையில் வேறு உடைமையாளரின் கீழ் வந்தால், ஒரு வாழ்க்கையின் இரண்டு புள்ளிகள் கிடைத்துவிடுகின்றன. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு போடலாம். கோட்டை நீட்டிக் கற்பனை செய்வது மட்டும் கூடாது.

எண்ணிக்கையும் ஒருவகைச் சான்றே. 1836-ஆம் ஆண்டுக் கணக்கின்படி திருவிதாங்கூரின் மக்கள் தொகை 12,80,668. அவருள் அடிமைகள் 1,64,864. ஏறத்தாழ எட்டுப் பேருக்கு ஒருவர்! அரசின் ஆணைகளையும் வரிசைப்படுத்திப் பாருங்கள். 1812-இல் ராணி கௌரி லட்சுமி பாய் அடிமை வாணிகத்தைத் தடுத்தார். நிலத்தோடு சேர்ந்த உழவடிமைகளுக்கு அத்தடை இல்லை. உழவடிமைகளே மிகப் பெரும்பாலோர் என்பதை நினைவிற் கொள்க. 1847-இல் லண்டன் மிஷன் பாதிரிமார் மன்னருக்கு விண்ணப்பம் செய்தனர். 1853-இல் அரசுடைமை அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் விடுதலை பெற்றனர். 1855 ஜூன் 24-ஆம் நாள் ஆணையால் அடிமைமுறை சட்டத்தில் ஒழிந்தது. கே.கே. குசுமன் 1973-இல் வெளியிட்ட நூலிலும், கே. சாரதாமணி 1980-இல் வெளியிட்ட நூலிலும் இவ்வரலாறு விரிவாக உண்டு.

ஆனால் 1855-க்குப் பின் நேர்ந்ததுதான் வியப்பு. அடிமை என்ற சொல் அரசு ஏட்டிலிருந்து மறைந்தது. மறைந்ததனால் அம்மக்களைத் தேடுவது முன்னிலும் கடினமாயிற்று. விற்கும்போது எழுதப்பட்ட பெயர், விற்க முடியாதபோது எழுதப்படவில்லை. 1875-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அவர்கள் சாதி எண்ணிக்கையாக மட்டுமே வருகின்றனர். விடுதலை ஆவணமே மௌனத்துக்குக் காரணமாவது எத்தகைய முரண்!

அந்த மௌனத்தை ஓரளவு கலைப்பவை பாதிரிமாரின் எழுத்துகள். பாறசாலை எங்களுக்கு அடுத்த பெரிய ஊர். அங்கே லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜான் ஆப்ஸ் இருந்தார். சாமுவேல் மெட்டீரும் முதலில் பாறசாலையிலும் பின் திருவனந்தபுரத்திலும் பணிபுரிந்தார். மெட்டீரின் நூல்கள் 1871-இலும் 1883-இலும் வெளிவந்தன. புலையர் மேல்சாதியார் முன்னிலையில் பேசவேண்டிய மொழியை அவர் குறித்து வைத்தார். ‘நான்’ எனலாகாது, ‘அடியன்’ எனவேண்டும். தன் சோற்றைச் சோறு எனலாகாது, ‘கரிக்காடி’ எனவேண்டும். உண்ணப் போவதை ‘வெள்ளம் குடிக்க’ என்று சொல்லியே விடைகேட்கவேண்டும். தன் வீடு ‘மாடம்’. தன் பிள்ளைகளைக் கன்று என்றும் குரங்கு என்றும் சொல்லவேண்டும். ஒரு மனிதன் தன் வாயாலேயே தன்னைத் தாழ்த்திக்கொள்ளுமாறு அமைந்த இலக்கணம் இது. நன்னூல் படித்த நமக்கு இப்படியும் ஓர் இலக்கணம் நம் மொழிகளுக்குள் இருந்தது என்பது உறைக்கவேண்டும்.

எங்கள் ஊரில் முதிய கூலிப்பெண்கள் சிலர், ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்டால் ‘வெள்ளம் குடிச்சாச்சு’ என்பதை நான் கேட்டிருக்கிறேன். மெட்டீரைப் படித்த அன்று அது நினைவுக்கு வந்து தூக்கம் போயிற்று. எனினும் இரண்டும் ஒன்று என்று அடித்துச் சொல்லமாட்டேன். கஞ்சியே உணவாக இருந்த நாட்டில் உண்பதைக் ‘குடிப்பது’ என்பது எல்லாச் சாதியாரிடமும் இயல்பாக வரக்கூடிய வழக்கு. யார் யாரிடம், எந்த இடத்தில் அப்படிச் சொன்னார் என்பதைப் பலரிடம் கேட்டுச் சேர்த்த பிறகே முடிவு கூறலாம்.

மெட்டீர் முதலியோரை அப்படியே நம்பிவிடலாமா? கூடாது. அவர்கள் எழுதியது இங்கிலாந்தில் பணம் கொடுக்கும் அன்பர்களுக்காக. மதம் மாறுமுன் இருள், மாறிய பின் ஒளி என்ற அமைப்பு அவ்வெழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும். பள்ளியில் சேர்ந்த பெண்களுக்கு உதவி செய்த சீமாட்டிகளின் பெயர் சூட்டப்படுவதும் உண்டு. அதனால் அப்பெண்ணின் பழைய பெயர் ஏட்டில் இல்லாது போகும். ஆயினும் எழுதியவர் நோக்கத்துக்கு அப்பாற்பட்ட சிறு செய்திகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். என்ன கூலி, எந்த வழி விலகவேண்டும், எந்தக் கிணறு, என்ன துணி என்பன போன்றவை. அவற்றைப் பொறுக்குவதே வேலை. பேராசிரியர் பி. சனல் மோகன் 2015-இல் வெளியிட்ட நூலில் கேரள அடிமைச் சாதியாரின் மனத்தை இத்தகைய மிஷன் ஏடுகளிலிருந்தே வெளிக்கொணர்ந்தார். இத்தாலியில் கார்லோ கின்ஸ்பர்க் செய்ததும் இதுவே. மதவிசாரணை மன்றத்தின் எழுத்தன், குற்றவாளியைத் தண்டிப்பதற்காக, அவன் சொன்னதையெல்லாம் எழுதி வைத்தான். அதைக்கொண்டு பதினாறாம் நூற்றாண்டின் மாவரைக்கும் தொழிலாளி மெனோக்கியோ உலகத்தைப் பற்றி என்ன நினைத்தான் என்பதைக் கின்ஸ்பர்க் 1976-இல் ஒரு நூலாக்கிவிட்டார். இந்தியாவில் 1982 முதல் ரணஜித் குஹாவும் தோழர்களும் வெளியிட்ட விளிம்புநிலை ஆய்வுத் தொகுதிகளும் இவ்வழியைச் சார்ந்தவையே.

தோள்சீலைக் கலகத்திலும் இதே தொல்லை. 1822 முதல் 1859 வரை தென்திருவிதாங்கூரைக் குலுக்கிய அந்தப் போராட்டம் பற்றித் திவான், ரெசிடெண்டு கல்லன், சென்னை கவர்னர் டிரவெலியன், பாதிரிமார் எழுதிய கடிதங்கள் உண்டு. 1859 ஜூலை 26 ஆணையில் சாணார் பெண்கள் எவ்வகையில் மேலாடை அணியலாம் என்பதுகூட வரையறுக்கப்பட்டது. எழுதியவர் அனைவரும் ஆடவர். துணி கிழிக்கப்பட்ட பெண் என்ன சொன்னாள் என்பதை அந்தக் காகிதக் கட்டுகளில் வடிகட்டித்தான் எடுக்கவேண்டும்.

காகிதத்தில் கிடைக்காதது பாட்டில் கிடைக்குமா? கிடைக்கும், ஆனால் வேறு வடிவில். எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டுகளில் அகால மரணம் அடைந்தோர் மாடனாகவும் இசக்கியாகவும் வருகின்றனர். கணியாங்குளம் போரில் மாண்ட இரவிக்குட்டிப் பிள்ளையின் கதைப்பாடல் போன்றவற்றின் மொழி தமிழா மலையாளமா என்று பிரிக்க இயலாதபடி கலந்தது. தமிழாய்வாளர் இவற்றைக் கதைப்பாடல் வரிசையில் வைப்பர். மலையாள ஆய்வாளர் ‘தெக்கன் பாட்டுகள்’ என்பர். 1956-இன் எல்லைக்கோடு நிலத்தில் விழுந்ததைவிடப் பல்கலைக்கழகத் துறைகளுக்கு நடுவில் ஆழமாக விழுந்துவிட்டது. திருவனந்தபுரம் கோட்டைப் பகுதி ஆவணக் காப்பகத்தில் ஓலைச்சுருணைகள் மலைபோல் உள்ளன. 2022-இல் அங்கே ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. வட்டெழுத்து, கோலெழுத்து, பழந்தமிழ், பழமலையாளம் ஆகிய நான்கும் தெரிந்தவர்க்கே அவை வாய் திறக்கும். நம்முள் எத்தனை பேர் அதற்கு ஆயத்தமாக இருக்கிறோம்?

பாட்டையும் வாய்மொழியையும் ஆவணம்போல் கொள்ளுவதில் இடறலும் உண்டு. சேர்த்தலையில் நங்கேலி என்னும் பெண் முலைவரியை எதிர்த்து உயிர்விட்டாள் என்ற கதை இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. அக்காலத்து ஆவணம் எதுவும் அதற்குக் கிடைத்திலது. கதை பொய் என்று தள்ளுவதும் மெய் என்று சாதிப்பதும் ஒருபுறம் இருக்கட்டும். தம் முன்னோர் பட்ட அவமானத்தை மக்கள் எவ்வுருவில் நினைவில் வைத்திருக்கின்றனர் என்பதற்கு அது சான்று. அவ்வளவில் அதை மதித்தால் போதும்.

கடைசியாக ஒரு பலகை. எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஊரூட்டம்பலத்தில் ஒரு பள்ளி உண்டு. வெங்கானூரில் 1863-இல் பிறந்து, 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையர் சிறுமியைக் கைப்பிடித்து அப்பள்ளிக்கு அழைத்துச் சென்றார். மேல்சாதியார் பள்ளிக்குத் தீ வைத்தனர். அதில் பாதி கருகிய ஒரு பெஞ்சு பள்ளியில் பாதுகாக்கப்படுகிறது. 2022-இல் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டது. நிகழ்ச்சி நடந்த ஆண்டை 1910 என்று சிலரும் 1914 என்று சிலரும் எழுதுகின்றனர். ஒரு சிறுமி வகுப்பில் உட்கார்ந்த ஆண்டுக்கே இரண்டு கணக்கு! அய்யன்காளி கையெழுத்துப் போட மட்டும் கற்றவர். அவர் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் நியமன உறுப்பினராகித் தம் மக்களுக்கு நிலமும் பள்ளியும் வேண்டிப் பேசியவை சபை நடவடிக்கைகளில் ஆங்கிலத்தில் அச்சாகியுள்ளன. அவர் வாய்மொழி அன்று அது. எழுத்தன் சுருக்கிப் படர்க்கையில் வைத்த உரை. எனவே அங்கும் சொல்லுக்குப் பின்னால் உள்ள குரலைக் கேட்கப் பழகவேண்டும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதியவர்களிடம் ‘பழைய காலம் எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். ‘கஷ்டம்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். முற்றத்தில் எதுவரை வரலாம், பிள்ளைக்குப் பெயர் வைத்தவர் யார், கூலி நெல்லை எந்த அளவையால் அளந்தார்கள் என்று கேளுங்கள். தேவாலயம் உள்ள ஊராயின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பழைய பெயரும் புதுப்பெயரும் அடுத்தடுத்து இருக்கின்றனவா என்று பாருங்கள். நான் சென்ற விடுமுறையில் எங்கள் ஊர் மூதாட்டி ஒருவரிடம், “பாட்டி, வேலைக்குப் போன வீட்டில் கஞ்சி எதில் ஊற்றினார்கள்?” என்று மட்டும் கேட்டேன். “குழி தோண்டி எலய வச்சு அதுல ஊத்துவாவ, மக்களே. மழ பெய்தா குழியில வெள்ளம் கேறும். அப்ப எலய ரெண்டு கையிலயும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே குடிக்கணும்” என்றார். பிறகு எழுந்து, தம் இரு கைகளையும் சேர்த்து உயர்த்தி, எப்படிப் பிடிப்பார்கள் என்று காட்டினார்.